வகுப்பறையில் அறிவியல் வீடியோ: ஆசையாகப் பார்க்கிறார்கள், கேட்டால் பதில் வருவதில்லை

சயான்_டீச்சர் கேட்டது:

மும்பை, சயான் வட்டாரப் பள்ளி. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல். ஒரு வகுப்பில் 50 பிள்ளைகள், ஒரு பீரியடு 35 நிமிடம். சுவரில் 43 அங்குல டிவி மாட்டியிருக்கிறது, லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைக்கலாம். நெட்டை நம்ப முடியாது. பாடம் ஆங்கிலத்தில். வீட்டுமொழி பாதிப் பேருக்குத் தமிழ், மற்றவர்களுக்கு மராத்தியும் இந்தியும்.

வீடியோ போட்டால் வகுப்பு கப்சிப்பென்று பார்க்கிறது. ஆனால் மறுநாள் கேள்வி கேட்டால், வீடியோ பார்த்த செக்ஷனும் பார்க்காத செக்ஷனும் ஒரே லட்சணம். நான் கேட்க விரும்புவது: எத்தனை நிமிடம் போடலாம்? பாடத்துக்கு முன்னாலா, பின்னாலா? கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை, என்ன செய்யலாம்? எந்தப் பாடத்துக்கு வீடியோ உதவும், எதற்கு வீண்? அடுத்து நடத்த வேண்டியவை ஒன்பதாம் வகுப்புக்கு ஈர்ப்பும் ஒலியும், எட்டாம் வகுப்புக்குச் செல்.

---

மாட்டுங்கா_பௌதிகம்:

திரை, ஸ்பீக்கர் சங்கதிகளை கேபிள்_மாமா வந்து பார்த்துக்கொள்வார். மற்றதைச் சொல்கிறேன்.

வீடியோ முடிந்தபிறகு கேள்வி கேட்கிறீர்கள் டீச்சர், கோளாறு அங்கேதான். ஓட்டுவதற்கு முன்பே கேள்வி வந்துவிட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் ஒரு விடையை எழுதி அதில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஹார்வர்டில் எரிக் மசூரின் குழு 2004ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. செய்துகாட்டலைச் சும்மா பார்த்த மாணவர்கள், பார்க்கவே பார்க்காதவர்களைவிடப் பெரிதாகத் தேறவில்லை. என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள் தேறினார்கள். அதற்கு ஆகும் கூடுதல் நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான்.

ஈர்ப்புப் பாடத்துக்கே ஒரு முழு பீரியடு சொல்கிறேன். 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒரே சமயத்தில் கைவிட்ட காட்சி. சுத்தியல் 1.32 கிலோ, இறகு 30 கிராம், விட்ட உயரம் ஏறத்தாழ 1.6 மீட்டர். துண்டு ஒரு நிமிடம்கூட வராது. நாசாவின் தளத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஒலியை அணைத்துவிட்டுப் போடுங்கள். ஸ்காட் முதலிலேயே கலிலியோ பெயரைச் சொல்லி விடையைக் கோடிகாட்டிவிடுவார். இரண்டு கையும் நீட்டியிருக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, கரும்பலகையில் மூன்று விடை எழுதுங்கள்: அ) சுத்தியல் முதலில் விழும், ஆ) இரண்டும் ஒன்றாக விழும், இ) இரண்டும் விழாது, அப்படியே மிதக்கும். ஒவ்வொருவரும் எழுத்தையும், 'ஏனென்றால்' என்று தொடங்கும் ஒரே ஒரு வரியையும் எழுத இரண்டு நிமிடம். கை தூக்கச் சொல்லி எண்ணி, எண்ணிக்கையைப் பலகையில் போடுங்கள். 'இ'க்கு விழும் கைகளை அலட்சியம் செய்ய வேண்டாம். காற்று இல்லையென்றால் ஈர்ப்பும் இல்லை என்ற எண்ணம் ஒன்பதாம் வகுப்பில் ரொம்பச் சகஜம், அதைப் பிடிக்கத்தான் இந்த மூன்றாவது விடை. பிறகு பக்கத்துப் பெஞ்சோடு இரண்டு நிமிடம் வாதாடவிடுங்கள். சத்தம் வரும், வரட்டும்.

அதன்பிறகு ஓட்டுங்கள். ஓட்டி முடிந்ததும் விளக்கம் வேண்டாம். 'கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது' என்று ஒரு நிமிடம். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் தாங்கள் சொன்னபடியே நடந்தது என்று நினைவை மாற்றிக்கொள்வார்கள். மசூர் குழுவின் 2013 ஆய்வில், செய்துகாட்டலைப் பார்த்து எழுதிய குறிப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று நடந்ததற்கு முரணாக இருந்தது. அதனால் எழுதியதை இரண்டு பேரை வாசிக்கச் சொல்லி, முரண் இருந்தால் மறுபடி ஓட்டுங்கள். இதெல்லாம் 12 நிமிடத்தில் முடியும்.

அடுத்த பத்து நிமிடம் கணக்கு. கைவிட்ட கணத்திலிருந்து தரை தொடும்வரை நேரம் பார்க்கச் சொல்லுங்கள், 1.4 விநாடி வாக்கில் வரும். உயரத்தை இரட்டித்து நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 3.2 / 1.96, அதாவது விநாடிக்கு விநாடி 1.63 மீட்டர். படம் மங்கல், கைவிட்ட கணம் துல்லியமாகத் தெரியாது. 1.3 என்று எடுத்தவனுக்கு 1.9 வரும், 1.5 என்று எடுத்தவளுக்கு 1.4 வரும். யாருக்கும் 9.8 வராது, அது போதும். கடைசியில் அதே கேள்வியை நம் தரைக்கு மாற்றுங்கள்: ஒரு புத்தகம், அதைவிடச் சின்னதாகக் கிழித்த காகிதத் துண்டு. தனித்தனியாக விட்டால் என்ன, காகிதத்தைப் புத்தகத்தின் மேல் வைத்து விட்டால் என்ன? இதற்கு வீடியோ வேண்டாம், மேசைமேல் ஏறி நின்று விட்டுக்காட்டலாம்.

எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு: ஒரே மூச்சில் 60 முதல் 90 விநாடி. ஐந்து நிமிட வீடியோ என்றால் மூன்று துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி. 'ஆறு நிமிடம்' என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அது 2014ல் எட்எக்ஸ் இணையப் பாடங்களைத் தனியாக உட்கார்ந்து பார்த்தவர்களை வைத்துச் சொன்னது. 50 பேர் உள்ள வகுப்பறைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முன்னாலா பின்னாலா என்றால், வீடியோவில் ஒரு நிகழ்வு நடக்கிறது, அதைப் பார்க்கப் பெயர்கள் தெரியத் தேவையில்லை என்றால் முன்னால். செல் பிரிதல் மாதிரி ஒரே பெயர்மயமாக இருந்தால், முதலில் நாலைந்து பெயரையும் படத்தையும் பலகையில் போட்டுவிட்டு, பிறகு. ஒரே நேரத்தில் புதுப்பெயரையும் புது அசைவையும் பிடிக்க முடியாமல் திணறுவார்கள்.

பின்னணிக் குரல் எந்த மொழியில் இருந்தாலும் முதல் ஓட்டத்தில் அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள். உங்கள் வகுப்புக்கு எந்தக் கலவை மொழி புரியுமோ அந்த மொழியில். குரலும் அதே வாக்கியங்களின் எழுத்தும் சேர்ந்து வந்தால் கண் எழுத்தில் போய் நின்றுவிடும், படம் போய்விடும்.

---

பெஞ்ச்_ஓரம்:

மேலே சொன்னதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. எந்தப் பாடத்துக்கு வீடியோ என்பதை முதலில் முடிவு பண்ணணும். மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடுவது, காந்தமும் இரும்புத் தூளும், லிட்மஸ், ஊசல், எலுமிச்சையும் சோடாவும் - இதையெல்லாம் வீடியோவில் காட்டுவது சோம்பேறித்தனம். 30 ரூபாய் சாமானில் கண்முன்னே செய்யலாம்.

வீடியோவுக்கு உரியது நாலு வகை. அபாயமானது (சோடியம் தண்ணீரில்). மிக வேகமானது (பலூன் கிழிவது, நீர்த்துளி விழுவது). மிக மெதுவானது (விதை முளைப்பது, செல் பிரிவது). போக முடியாத இடம் (நிலவு, எரிமலை, இதயத்தின் உள்ளே). இந்த நாலில் எதிலும் சேரவில்லை என்றால் டிவியை அணைத்துவிடுங்கள்.

ஆனால் டிவிக்கு இன்னொரு வேலை இருக்கு, அதை யாரும் செய்வதில்லை. சோதனைக்குழாயில் நிறம் மாறுவது 50 பேருக்கு எப்படித் தெரியும்? போனை ஸ்டாண்டில் மாட்டி, யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு சேர்த்து, போன் திரையை லேப்டாப்பில் காட்டும் 'எஸ்சிஆர்சிபிஒய்' என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், கேமரா பார்ப்பது அப்படியே டிவியில் வரும். நெட் வேண்டாம், வைஃபை வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் டெவலப்பர் ஆப்ஷனில் யூஎஸ்பி டீபக்கிங்கை மட்டும் இயக்கணும். குழாய்க்குப் பின்னால் வெள்ளை அட்டை வையுங்கள், இல்லாவிட்டால் கேமரா உங்கள் சட்டையில் ஃபோகஸ் ஆகும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடணும். பூட்டாவிட்டால் கரைசல் கருத்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி, நிற மாற்றத்தையே அழித்துவிடும்.

எட்டாம் வகுப்புச் செல்லுக்கும் இதே வழிதான். வெங்காயத் தோலை அயோடின் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து, கண்வில்லைமேல் போன் கேமராவைப் பொருத்துங்கள். கையால் பிடித்தால் ஆடும். கண்வில்லைக்குச் சுற்றிலும் ஸ்பாஞ்சு வளையம் வெட்டி, ரப்பர் பேண்டால் கட்டினால் நிற்கும். முதலில் 10 மடங்கு லென்ஸில் ஃபோகஸ் பண்ணிவிட்டு 40க்குப் போங்கள். அந்தப் படத்தைக் காட்டிய பிறகுதான் வண்ண வண்ண அனிமேஷன். வரிசையை மாற்றினால் 'மைட்டோகாண்ட்ரியா எங்கே டீச்சர், ஏன் ஆரஞ்சா இல்லை?' என்றுதான் கேட்பார்கள். பள்ளி மைக்ராஸ்கோப்பில் தெரிவது செல்சுவரும் உட்கருவும், அதுக்கு மேல் ஒன்றும் இல்லை.

அதே மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டுப் பாலை நிறையத் தண்ணீரில் கலக்கி 400 மடங்கில் வைத்தால் கொழுப்புத் துளிகள் நடுங்குவது தெரியும். தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால் வரும் இந்த நடுக்கம்தான் பிரவுனியன் இயக்கம். இணையத்தில் இருக்கும் எந்த அனிமேஷனும் இதன் கால்தூசி பெறாது. மூடுகண்ணாடியின் ஓரத்தை வாஸலின் தடவி அடைக்கணும். அடைக்காவிட்டால் தண்ணீர் ஆவியாகி எல்லாத் துளியும் ஒரே திசையில் ஓடும், அதைப் பிரவுனியன் என்று எழுதிவைப்பார்கள்.

---

கேபிள்_மாமா:

கடைசி பெஞ்சு கணக்கு சிம்பிள். படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம்வரைதான் எழுத்தும் அளவுகோலும் படிக்க முடியும். எழுத்தில்லாத வெறும் காட்சி என்றால் எட்டு மடங்கு. 43 அங்குல டிவி படத்தின் உயரம் 53 செ.மீ. சொச்சம். ஆறு மடங்கு 3.2 மீட்டர், எட்டு மடங்கு 4.3 மீட்டர். வகுப்பு 7 மீட்டர் ஆழம் என்றால் பின்பாதி ரேடியோ கேட்கிறது, அவ்வளவுதான். 65 அங்குலம் போட்டாலும் 4.9 மீட்டர்தான். 100 அங்குலத்துக்கு ப்ரொஜெக்டர் அடித்தால் 7.5 மீட்டர் வரும், ஆனால் ஜன்னலை மூடணும், கரண்ட் போனால் ஃபேனும் இல்லாமல் மே மாதம் மாதிரி வேகும்.

செலவில்லாத வழி: வகுப்பை 25, 25 ஆகப் பிரியுங்கள். ஒரு பாதி முன்னால் தரையில் உட்கார்ந்து வீடியோ, மறுபாதி பெஞ்சில் எழுத்துவேலை. 12 நிமிடத்தில் மாற்றம். மாட்டுங்கா சார் சொல்கிற 90 விநாடித் துண்டு என்றால் இது நடக்கும். 15 நிமிட வீடியோ என்றால் நடக்காது.

டிவிக்கு எதிர்ச்சுவரில் ஜன்னல் இருந்தால் அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் கருப்புத் துணி போதும், எல்லாவற்றுக்கும் வேண்டாம். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மீட்டர் கணக்கில் வாங்கிக்கலாம்.

சத்தம்: டிவி ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கும், மூன்று ஃபேன் ஓடினால் குரல் கரைந்துபோகும். வால்யூமைக் கூட்டினால் முன்பெஞ்சுக்குக் காது கிழியும். ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி, வகுப்பின் நடுவில் பக்கச்சுவரில், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலைக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். லாமிங்டன் ரோட்டில் 10 மீட்டர் 3.5 எம்எம் ஒயரும் சேர்த்துக் கேளுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், சத்தம் படத்துக்குப் பின்னால் வரும். ஹெச்டிஎம்ஐ சொருகியதும் லேப்டாப் சத்தத்தை டிவிக்கு அனுப்பிவிடும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, வெளியீட்டை ஹெட்போனுக்கு மாற்றணும். பாதி வகுப்புகளில் 'சத்தம் வரலை' என்று பத்து நிமிடம் போவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

கோப்பை லேப்டாப்பில் இறக்கி, விஎல்சியில் போடுங்கள். பென்டிரைவிலிருந்து நேரே ஓட்டாதீர்கள். காலையிலேயே ஒருமுறை திறந்து, நிறுத்த வேண்டிய நிமிடம்-விநாடிகளைத் துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

---

சயான்_டீச்சர்:

நன்றி, கேபிள்_மாமா சொன்ன 25-25 உடனே செய்யக்கூடியது. இரண்டு சந்தேகம். ஒன்று, நாமே வீடியோ எடுத்துக் காட்டுவதில் பிரயோசனம் உண்டா, வெறும் ஆர்வக்கோளாறா? இரண்டு, அடுத்தவர் வீடியோவை இறக்கி வகுப்பில் போடுவது சட்டப்படி சரியா?

---

வழக்கு_வாய்தா:

இரண்டாவதற்கு மட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் கல்விக்கு விலக்கு இருக்கிறது. கல்வி நிறுவனத்தின் வேலையாக, அங்குள்ள ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் ஒரு படத்தைத் திரையிடுவது மீறல் ஆகாது. ஆனால் அதே வீடியோவை வெட்டி ஒட்டி உங்கள் சேனலில் ஏற்றினால் இந்த விலக்கு கைகொடுக்காது. யூட்யூப்பிலிருந்து வெளி மென்பொருளால் இறக்குவது அவர்களுடைய விதிமுறைக்கு மாறானது, அது சட்டத்திலிருந்து தனி விவகாரம். தலைவலி வேண்டாம் என்றால் இறக்கிக்கொள்ள வெளியிட்டவர்களே வழி வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள்: நாசா, அரசின் தீக்ஷா கல்விச் செயலி, கிரியேட்டிவ் காமன்ஸ் குறி உள்ளவை (பிறர் பயன்படுத்த எடுத்தவரே அனுமதி தந்தவை). தமிழ்நாட்டுப் பாடநூல்களின் க்யூஆர் கோடு வழியாக தீக்ஷாவில் தமிழ் வீடியோக்களும் கிடைக்கும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு உதவலாம்.

---

குர்லா_லோக்கல்:

நாமே எடுப்பதில் பிரயோசனம் நிறைய, ஒரே நிபந்தனையில்: அந்த வீடியோவிலிருந்து ஏதாவது அளக்க வேண்டும். அளக்காத சொந்த வீடியோ கல்யாண வீடியோ மாதிரிதான், எடுத்தவருக்கு மட்டும் பிடிக்கும்.

விழும் பந்து. சுவரில் 2 மீட்டர் உயரத்துக்கு 10 செ.மீ. இடைவெளியில் கருப்பு டேப் ஒட்டுங்கள். சுவரை ஒட்டியபடி ரப்பர் பந்தை விடவேண்டும். சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி விட்டால் கோட்டுக்கும் பந்துக்கும் இடையே பார்வைப்பிழை வரும். போன் 3 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், ஸ்டூல்மேல் புத்தகம் அடுக்கி நிறுத்தியிருக்க வேண்டும். கையில் பிடிக்கவே கூடாது. வெளி வெயிலில் எடுங்கள். காரணம் இரண்டு. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும்: அறுபதில் ஒரு விநாடி என்று வையுங்கள், 0.6 விநாடியில் பந்தின் வேகம் விநாடிக்கு 5.9 மீட்டர், அப்படியானால் பந்து 10 செ.மீ. நீள வாலாகத் தெரியும். இன்னொன்று, இருட்டில் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துவிடும், நேரக் கணக்கே பிசகும். ட்யூப்லைட்டின் கீழ் ஸ்லோமோஷன் எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் கரண்டால் விநாடிக்கு 100 முறை வெளிச்சம் துடிப்பதும் படத்தில் வரும்.

சாதாரணமாக விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் மூன்று ஃபிரேம் 0.1 விநாடி. விஎல்சியில் நிறுத்திவிட்டு ஆங்கில 'ஈ' விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். மூன்று தட்டலுக்கு ஒருமுறை பந்தின் இடத்தை ஒரு பிள்ளை டிவி பக்கத்தில் நின்று வாசிக்க, மற்றவர்கள் குறிக்கட்டும். வரவேண்டியது: 4.9, 19.6, 44, 78, 122, 176 செ.மீ. அடுத்தடுத்த வித்தியாசத்தை எடுக்கச் சொன்னால் ஏறத்தாழ 5, 15, 25, 34, 44, 54, அதாவது 1:3:5:7:9:11. ஃபார்முலாவை நீங்கள் எழுதுமுன்பே சீராகக் கூடுவதை வகுப்பு பார்த்துவிடும். முதல் இரண்டு எண்கள் மட்டும் எப்போதும் கொஞ்சம் தப்பும், ஏனென்றால் கைவிட்ட கணம் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் எங்கோ இருக்கும். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் கோப்பாக இருந்தால் 24 ஃபிரேம்தான் 0.1 விநாடி. திரையில் ஓடும் கடிகாரத்தை நம்ப வேண்டாம், அது எட்டு மடங்கு நீட்டிக் காட்டும்.

கணினி அறை இருந்தால் ட்ராக்கர் என்ற இலவச மென்பொருளில் இதையே புள்ளிவைத்து வரைபடமாக்கலாம். முதல் தடவைக்கு நோட்டும் பென்சிலும்தான் மேல்.

ஒலிப் பாடத்துக்கு: சிவாஜி பார்க் மாதிரி ஒரு மைதானத்தில், ஒருவர் இரும்புத் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடிக்க, 200 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். தூரத்தைக் கூகுள் மேப்பில் அளக்கலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர், ஆகவே 0.57 விநாடி தாமதம். 60 ஃபிரேமில் எடுத்திருந்தால் 34 ஃபிரேம். கரண்டி தட்டில் படுவது கண்ணுக்குத் தெரிந்து, அரை விநாடி கழித்துத்தான் 'டங்'. கடற்காற்று வீசுகிறதே என்று யாராவது கேட்பார்கள்: விநாடிக்கு 5 மீட்டர் காற்று ஒன்றரை விழுக்காடுதான் மாற்றும், ஒரு ஃபிரேம் பிசகைவிடவும் குறைவு. ஸ்லோமோஷனில் இதை எடுக்காதீர்கள், பல போன்களில் ஒலி சரியாகப் பதிவாகாது.

சார்பு இயக்கத்துக்கு நம்மூரைப்போல் வசதியான ஊர் இல்லை. மாட்டுங்கா - சயான் நடுவே ஸ்லோ லோக்கல் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்து, அதே திசையில் ஃபாஸ்ட் லோக்கல் தாண்டிப்போவதை 20 விநாடி எடுங்கள். முதலில் அடுத்த வண்டி மட்டும் தெரியும்படி நெருக்கமாக வெட்டிய துண்டைப் போட்டு, 'நாம் எந்தப் பக்கம் போகிறோம்?' என்று கேளுங்கள். வாக்கெடுப்பு முடிந்ததும் மின்கம்பங்களும் தெரிகிற முழுப் படம். உட்கார்ந்த இடத்திலிருந்து, ஜன்னல் கம்பிக்கு உள்ளே போனை வைத்து எடுங்கள். கதவோரம் வேண்டவே வேண்டாம்.

---

நிழல்குச்சி:

யாரும் சொல்லாத ஒன்று. வீடியோவில் வருவது தப்பாகவும் இருக்கும். அழகாகச் செய்த அனிமேஷன் என்றால் ஜாஸ்தி ஜாக்கிரதை.

பருவங்கள் பற்றிய படங்களை எடுங்கள். பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைவதால் அது நீள்முட்டையாகத் தெரியும். உடனே பிள்ளை 'சூரியனுக்குக் கிட்டே வந்தால் கோடை' என்று முடிவுகட்டும். உண்மையில் ஜனவரி தொடக்கத்தில் தூரம் 14.71 கோடி கி.மீ., ஜூலை தொடக்கத்தில் 15.21 கோடி கி.மீ. மூன்று விழுக்காடு வித்தியாசம், அதுவும் கிட்டே இருப்பது நம் குளிர்காலத்தில். அந்த ஃபிரேமில் நிறுத்தி இந்த இரண்டு எண்ணையும் எழுதினால் போதும். மேல்நாட்டுப் படங்கள் நண்பகல் சூரியனை எப்போதும் தெற்கில்தான் காட்டும். மும்பையின் அட்சரேகை 19 டிகிரி. மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். ஜூன் கடைசியில் மழை விட்டு வெயில் தலைகாட்டும் ஒரு மதியம் 12.40 வாக்கில் ஒரு மீட்டர் குச்சியை நட்டால், ஏழெட்டு செ.மீ. நிழல் தெற்கே விழும். படத்தைப் பிள்ளைகளே திருத்துவார்கள். (டெல்லியில் இருப்பவர்கள் முயல வேண்டாம், அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை.)

ஒலிக்கு: வீணை, கிட்டார் தந்தியைப் போனில் எடுத்த படங்களில் தந்தி பாம்புபோல் நெளியும். பலர் அதை 'இதோ அலை' என்று காட்டுகிறார்கள். போன் கேமரா படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் வரிவரியாகப் படிப்பதால் வரும் மாயம் அது, தந்தி அப்படி வளைவதில்லை. காற்றில் ஒலி போவதை மேலும் கீழும் ஆடும் வளைகோடாகக் காட்டும் படங்களையும் தள்ளிவிடுங்கள். நெருக்கமும் நெகிழ்வுமாகப் புள்ளிகள் முன்பின் அசையும் படம் வேண்டும்.

ஒத்ததிர்வுக்கு என்று 1940ல் விழுந்த டக்கோமா பாலத்தைப் போடுவது வழக்கம். காட்சி அபாரம், விளக்கம் தவறு. சீரான காற்றே பாலத்தின் முறுக்கத்துக்கு ஆற்றலை ஊட்டிக்கொண்டிருந்தது. ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளுவது வேறு. இரத்த ஓட்டப் படங்களில் நீல இரத்தம், மின்கம்பியில் பாய்ந்தோடும் எலக்ட்ரான் (உண்மையில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது) என்று பட்டியல் நீளும்.

இதற்காகப் படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. 'இந்தப் படத்தில் ஒரு பொய் இருக்கிறது, கண்டுபிடி' என்று போடலாம். சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் 2008ல் முடித்த முனைவர் ஆய்வில், தெள்ளத்தெளிவாக விளக்கிய வீடியோவைவிட, மாணவர்களின் தப்பெண்ணத்தை முதலில் பேசவிட்டு அதை மறுத்த வீடியோ கூடுதலாகப் பலன் தந்தது. தெளிவாக இருந்தது என்று பிள்ளைகள் பாராட்டினால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம்.

---

தாராவி_டியூஷன்:

வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வா, வகுப்பில் கணக்குப் போடலாம் என்று ஒரு முறை இருக்கிறதே, அது நேரம் மிச்சமாகாதா?

---

பெஞ்ச்_ஓரம்:

வீட்டுக்கு ஒரு போன், அது அப்பாவோடு டூட்டிக்குப் போயிருக்கும். பாதிப் பேர் பார்த்திருப்பார்கள், பாதிப் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். கணக்கு விடையை மட்டும் சரிபார்க்கிற வீடியோ என்றால் பரவாயில்லை, பாடத்தையே அதில் கட்டிவைக்காதீர்கள்.

---

சயான்_டீச்சர்:

குர்லா_லோக்கல் சார், மைதானச் சோதனையை வகுப்பில் ஓட்டினோம். 200 மீட்டருக்கு 34 ஃபிரேம் வரவேண்டிய இடத்தில் 45, 46 வருகிறது. சத்தம் கேட்டதும் 'நிறுத்து' என்று சொல்லி எண்ணினோம். தூரத்தை இரண்டு முறை சரிபார்த்தாயிற்று. எங்கே தப்பு?

---

குர்லா_லோக்கல்:

11, 12 ஃபிரேம் என்றால் 0.2 விநாடி. உங்கள் கை விசையைத் தட்டும் தாமதமே அவ்வளவு இருக்கும், புளூடூத் ஸ்பீக்கராக இருந்தால் அதுவும் சேரும். காதால் எண்ணக்கூடாது. வீடியோவை ஏதாவது எடிட்டிங் மென்பொருளில் போட்டு, கீழே ஒலியின் அலைப்படத்தைத் திறந்தால் 'டங்' ஒரு கூரிய முள்ளாகத் தெரியும். கரண்டி தட்டில் பட்ட ஃபிரேமுக்கும் அந்த முள்ளின் தொடக்கத்துக்கும் நடுவே எண்ணுங்கள்.

அதற்கு மேலும் இரண்டு மூன்று ஃபிரேம் உதைத்தால் அது போனின் சொந்தப் பிசகு, சில போன்கள் ஒலியையும் படத்தையும் சற்றுத் தள்ளியே பதியும். அடுத்த முறை எடுக்கத் தொடங்கியதும் போனுக்கு ஒரு மீட்டர் முன்னால் ஒரு கைதட்டு. அந்தக் கைதட்டில் படத்துக்கும் முள்ளுக்கும் எத்தனை ஃபிரேம் வித்தியாசமோ, அதைக் கடைசி விடையிலிருந்து கழித்துவிடுங்கள். ஜூமை அதன்பிறகு கூட்டலாம், ஆனால் பதிவை நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தி மறுபடி தொடங்கினால் கைதட்டையும் மறுபடி போட வேண்டும்.